என் முறை முடியட்டும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு குடும்பம் டிவியை அணைத்துவிட்டு, செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடினால் அது நல்ல குடும்பம் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன், மேடம். எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக அது தவறியதே இல்லை. நான், என் மனைவி, அவள் தம்பி. மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு தட்டு நிலக்கடலை இருக்கும்.

வெளியே தட்டச்சு செய்கிறாரே உங்கள் ஏட்டு, அவர் எழுதியதைப் படித்துக் காட்டினார். என் மைத்துனன் பதினோரு நாளுக்கு முன்னால் எங்கள் சாப்பாட்டு மேசையில் 'எதிர்பாராத விதமாக' மூச்சுத் திணறி இறந்தான் என்று போட்டிருக்கிறார். மற்றதெல்லாம் சரி. அந்த 'எதிர்பாராத' என்பதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் நான் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிடும். நீங்கள் நாற்காலி கொடுத்தீர்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள், ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. ஒழுங்காக நடந்துகொள்கிறவர்களிடம் நானும் ஒழுங்காகப் பேசுவேன். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கேள்வி மட்டும் வேண்டாம்.

நான் லிஃப்ட் பரிசோதகன். இருபத்திரண்டு வருஷம். நான் கையெழுத்துப் போட்ட லிஃப்டில் ஒருவர்கூட விழுந்து செத்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எதையும் பாதியில் விடுகிற ஆள் நான் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது சீட்டாட்டம் இல்லை. ஆளுக்கொரு பலகை, அதில் பன்னிரண்டு வெற்றுக் கட்டம். அந்தத் தரையில் அவரவர் ஒரு காடு வளர்க்க வேண்டும். முதலில் ஒரு புல் அட்டையை வைப்போம். புல் ஒரு விதை கொடுக்கும். அந்த விதையைக் கொடுத்தால் ஒரு மரம் கிடைக்கும். மரம் இருந்தால் பறவை வரும். பறவை இன்னும் இரண்டு விதை கொண்டுவந்து போடும். ஒன்று இன்னொன்றைத் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் காடு தன்னாலே ஓடும். நீங்கள் ஒரு நீலக் கண்ணாடி மணியை மழைத்துளி என்று சொல்லி முதல் கட்டத்தில் விட்டால் போதும், அது கட்டம் கட்டமாக நகர்ந்து வழியில் இருக்கிற எல்லாவற்றையும் எழுப்பிவிடும். முதல் சுற்றில் ஒருவர் ஆட அரை நிமிஷம் ஆகும். பத்தாவது சுற்றுதான் கடைசி. அதில் ஒருவர் ஆடி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகும். கடைசியில் யார் காட்டுக்குப் புள்ளி அதிகமோ அவர்தான் ஜெயித்தவர். பெட்டி மேலே ஒரு மான் படம் போட்டு, 'அமைதியான விளையாட்டு' என்று அச்சடித்திருப்பார்கள். அது உண்மைதான். இதில் யாரும் யாருடையதையும் பிடுங்க முடியாது, வெட்ட முடியாது.

என் மைத்துனன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். மூன்று வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று வந்தான், இரண்டு வருஷம் ஆயிற்று. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வந்த பிறகு எங்கள் மெஷின் ஒரு நாள்கூட முனகியதில்லை. சின்ன வயதிலிருந்தே இரைப்பு உண்டு. நீல மூடி போட்ட இன்ஹேலர் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். சாதுவான ஆள். குறைந்த பேச்சு என்று சொல்ல முடியாது.

அவன் விதிப் புத்தகத்தைத் திறந்ததே கிடையாது. அட்டையை வைத்துவிட்டு, "ஐயோ அத்தான், இது வேணாம், வேற வெச்சுக்கறேன்" என்று திரும்ப எடுப்பான். ஆந்தை அட்டை வந்தால் "பெரியம்மா வந்துட்டாங்க, எல்லாரும் காலை மடக்கி உக்காருங்க" என்பான். என் மனைவி கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிப்பாள். என்னோடு இருக்கும்போது அவள் சிரிக்கவே மாட்டாள் என்று நினைக்காதீர்கள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் தலையாட்டுவாள். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு. அதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். சொல்வதில் என்ன வெட்கம், எரியத்தான் செய்தது.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஜெயிப்பவன் அவன்தான். நான் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன், வாரம் முழுக்க மனதுக்குள் அட்டைகளை அடுக்கிப் பார்க்கிறவன். அவன் கடலையை மென்றுகொண்டே வந்து உட்கார்ந்து ஜெயித்துவிட்டுப் போவான். போகிற போக்கில் என் தோளைத் தட்டி, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் அத்தான்" என்று ஆறுதல் வேறு சொல்வான். ஆட்டத்தில் தோற்பது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஜெயித்தவன் நல்லவனாகவும் இருப்பதுதான் தாங்க முடியாது.

சுற்றில் முதலில் ஆடுவது யார் என்று காட்ட, மரத்தில் செய்த சின்ன நத்தை ஒன்று பெட்டியில் வரும். முதல் ஆளின் முன்னால் அது இருக்கும், சுற்று முடிந்ததும் அடுத்தவரிடம் போகும். அவன் அந்த நத்தையைக் காதில் வைத்து ரகசியம் கேட்பான். "அத்தானை இன்னிக்கு ஜெயிக்க விடுன்னு நத்தை சொல்லுது" என்பான். ஒரு வாரம் அந்த நத்தையை எடுத்துப்போய் என் ஆபீஸ் இழுப்பறையில் போட்டேன். சின்னத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு மூன்று பேரும் மேசைக்கடியில் குனிந்து தேடினோம். நானும் தேடினேன்.

அப்போதுதான் அவன் சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மேசைமேல் வைத்தான். "இதை நத்தையா வெச்சுக்கலாம். எப்படியும் கை எட்டற தூரத்துலதானே இருக்கும்" என்றான். என் மனைவி அவன் தலையில் லேசாகக் குட்டினாள். சத்தியமாக அன்றைக்கு என் மனதில் எதுவும் இல்லை, மேடம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி அதுவாக வந்தது.

அதற்கு அடுத்த வாரம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விதியைப் படித்துக் காட்டினேன். முதல் ஆளுக்கான அடையாளம் யாரிடம் இருக்கிறதோ, சுற்று முடிகிற வரை அவரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. என் மனைவி, "இது வேறயா" என்றாள். அவன், "சரிங்க ஆபீசர்" என்று சல்யூட் அடித்தான். நீங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு வரி அதில் கிடையாது. நான் அன்று திறந்து வைத்திருந்த பக்கத்தில் குருவி எத்தனை முட்டை இடும் என்றுதான் இருக்கிறது. அந்த வீட்டில் புத்தகத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான், அதனால் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிற பொறுப்பும் என்னுடையதாகிவிட்டது.

புது லிஃப்டின் கயிற்றை நாங்கள் எப்படிச் சோதிப்போம் தெரியுமா? எடுத்த எடுப்பில் முழுப் பாரத்தையும் ஏற்ற மாட்டோம். இரும்புக் கட்டிகளைப் பாதி ஏற்றி ஓட்டிப் பார்ப்போம். அப்புறம் முழுப் பாரம். அப்புறம் அதற்கு மேலும் கொஞ்சம். ஒரு நாள் அடையாளம் என் முன்னால் இருந்தபோது அவனுக்கு இருமல் வந்தது. கை நீட்டினான். "என் முறை முடியட்டும்" என்றேன். சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டான். நான்கு நிமிஷம் காத்திருந்தான். இரண்டு வாரம் கழித்து ஆறு நிமிஷம். அன்றைக்கு என் மனைவி அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். "விளையாட்டா இது? கொடுங்க அதை" என்று என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக் கொடுத்தாள். அடையாளத்துக்கு ஒரு பொத்தானை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அவன்தான் தடுத்தான்.

"விடுக்கா. அத்தான் எவ்வளவு ஆசையா ஆடறாரு. நான் சமாளிச்சுக்குவேன்."

எனக்காகப் பரிந்து பேசினான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்று நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: மனைவி அறையில் இருக்கும்போது சோதனை கூடாது.

பிறகு மேசைக்கு அலங்காரம் செய்ய ஆரம்பித்தேன். காட்டைப் பற்றிய ஆட்டம், கொஞ்சம் காடு மாதிரி இருக்கட்டுமே என்று, வேலைக்குப் போகிற வழியில் வாய்க்கால் ஓரத்தில் காய்ந்து நிற்கிற புல், நாணல் பூ, தூள் தூளாக உதிர்கிற பாசி எல்லாம் பறித்து வந்து நடுவில் ஒரு ஜாடியில் வைப்பேன். என் மனைவி ரொம்பச் சந்தோஷப்பட்டாள். "உங்களுக்குக்கூட ரசனை வந்துடுச்சே" என்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அதுதான் இரண்டாவது முறை. அட்டைகள் பறக்கின்றன என்று ஜன்னலைச் சாத்தினேன். அவனுக்குத் தும்மல் நிற்காது. அக்கா ஆசையாகப் பார்க்கிற பூவை எடு என்று எப்படிச் சொல்வான்? மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆடினான். புல் தூசியைக் கொடுத்தது, தூசி இருமலைக் கொடுத்தது. இப்போது அந்த விளையாட்டு உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையில் எழுந்து வீட்டிலிருந்த எல்லாப் போர்வையையும் தலையணை உறையையும் துவைத்தேன். என் மனைவி வாயைப் பிளந்து பார்த்தாள். மைத்துனனின் தோள்பையும் அழுக்காக இருந்தது, அதையும் ஊறவைத்துத் துவைத்தேன். உள்ளே இன்னொரு இன்ஹேலர் இருந்தது. நனைந்துவிடக் கூடாதே என்று என் கருவிப் பெட்டியில் எடுத்து வைத்தேன். எல்லாத் துணியையும் மொட்டை மாடியில் காயப்போட்டேன். நாங்கள் இரண்டாவது மாடி, மொட்டை மாடிக்கு இன்னும் ஐந்து மாடி ஏற வேண்டும். கீழே போய் எங்கள் கட்டட லிஃப்டில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை மாட்டி, சாவியைத் திருப்பி நிறுத்தினேன். லிஃப்டில் பழுது எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால், நடந்ததில் அது ஒன்றுதான் என் மனதை உறுத்துகிறது. என் சர்வீசில் நான் ஒரு பொய்ப் பலகை மாட்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. புத்தகப்படி வயதில் சிறியவர்தான் முதல் சுற்றைத் தொடங்க வேண்டும். மூன்று பேர் ஆடினால் முதல் சுற்றைத் தொடங்குபவரிடமே நான்காவதும் ஏழாவதும் பத்தாவதும் அடையாளம் வந்து நிற்கும். அதனால் அன்று, "ஒரு மாறுதலுக்கு மூத்தவர் தொடங்கட்டுமே" என்றேன். இருவரும் உடனே சரி என்றார்கள். என்மீது அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பத்தாவது சுற்று மூன்றரை மணிக்கு வந்தது. அன்று என் காடு என்ன காடு! இரண்டு ஓடை, ஏழு மரம், பத்தொன்பது பறவை. வாழ்க்கையில் அப்படி அமைந்ததே இல்லை. நான் மழைத்துளியைக் கையில் எடுத்ததும் என் மனைவி எழுந்தாள். இவர் ஆடி முடிப்பதற்குள் துணியெல்லாம் எடுத்து வந்துவிடுகிறேன், மழை இருட்டிக்கொண்டு வருகிறது என்றாள். தம்பியைப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். அவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படியேறுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

நான் துளியை விட்டேன். புல்லுக்கு ஒரு விதை. புதருக்கு இரண்டு. மூன்றாவது கட்டத்துக்கு வருகிறபோது அவனுக்குத் தொடங்கியது. ஜாடியில் அன்று நாணல் கொஞ்சம் அதிகம். முதலில் இருமினான். அப்புறம் விசில் மாதிரி சத்தம். "அத்தான்" என்று கையை நீட்டினான்.

"இரு மாப்ளே. என் முறை முடியட்டும்."

அவன் சிரித்தான், மேடம். பழக்கம் அப்படி. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் அவசரப்படவில்லை. பதறாத காரியம் சிதறாது. ஓடையிலிருந்து தவளை, தவளையிலிருந்து கொக்கு. ஆறாவது கட்டத்தில் அவன் எழுந்து நின்றான். தோள்பை மாட்டுகிற ஆணியைப் பார்த்தான், ஆணி காலியாக இருந்தது. திரும்ப உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை. மேசைமேல் ஊர்ந்து கையைக் கொண்டுவந்தான். விதி என்று ஒன்று இருக்கிறதே, அடையாளத்தைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான். அதனால் நான் அதை எடுத்து என் இடது கையில் வைத்துக்கொண்டேன். வலது கையால் தொடர்ந்து ஆடினேன். அவன் மேசையைத் தட்டினான். பறவைகள் கட்டம் மாறிவிடக்கூடாதே என்று முழங்கையால் என் பலகையை அணைத்துக்கொண்டேன். அவனுடைய பலகைக்கும் ஒரு சேதமும் வராமல் பார்த்துக்கொண்டேன். நடுநிலை என்று ஒன்று வேண்டும் இல்லையா?

பதினோரு நிமிஷம். பன்னிரண்டாவது கட்டத்தில் கழுகு இறங்கியபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவன் கன்னத்தை மேசைமேல் வைத்துப் படுத்திருந்தான், என்னைப் பார்த்தபடி. இன்ஹேலரைத் துடைத்து அவன் கைக்கருகில் வைத்தேன். என் முறை முடிந்துவிட்டது.

என் மனைவி கூடையோடு வந்தாள். மடித்த துணிகளுக்கு மேலே அவன் தோள்பை இருந்தது. அவள் போட்ட சத்தத்தை நான் சொல்லப் போவதில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் லிஃப்ட் ஓடாததால் படியேறித்தான் வந்தார்கள். அதற்குள் நான் என் புள்ளிகளை எண்ணி முடித்துவிட்டேன். எண்பத்து நான்கு. அவனுடையதையும் எண்ணினேன். பலகையில் தெரிந்தவரை எழுபத்தெட்டு. ஆட்டத் தொடக்கத்தில் ஆளுக்கொரு அட்டையைக் கவிழ்த்து வைப்போம், கடைசியில் திருப்பினால் அதற்கும் புள்ளி உண்டு. அவன் அட்டையை நான் திருப்பவில்லை. அடுத்தவர் அட்டையைத் தொடுகிற பழக்கம் எனக்கில்லை. என் மனைவி அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோது என் விரல் பறவைகள்மேல் இருந்தது. அவள் பார்த்துவிட்டாள் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

அவ்வளவுதான். கோபத்தில் செய்யவில்லை, குடித்துவிட்டுச் செய்யவில்லை. இருமுகிறவனிடம் காத்திரு என்றேன், அவன் காத்திருந்தான். மூச்சுக்காக ஏங்கியவனின் மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் சாகிற வரை ஆடினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இது என்ன காகிதம்?

என் மனைவியின் கையெழுத்து. பதினோரு நாளாக அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்டு எழுதியிருப்பாள், இல்லாவிட்டால் திட்டியிருப்பாள் என்று நினைத்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். இதில் ஒரே வரிதான் இருக்கிறது. 'தம்பி கவிழ்த்து வைத்திருந்தது நீர்நாய், எட்டுப் புள்ளி. தம்பி 86. நீங்கள் 84.'

இதைக் கையில் வைத்துக்கொண்டுதானே நீங்கள் இவ்வளவு நேரமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? அவன் கடைசி முறையை ஆடவே இல்லை, அப்படியும் எண்பத்தாறு என்கிறீர்கள். கூட்டல் சரிதான். நானும் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் அவளுக்கு விதி தெரியாது, மேடம். ஆட்டம் முடியும் முன்னால் மேசையை விட்டுப் போனவனுக்குப் புள்ளியே கிடையாது. அவன் பாட்டுக்கு நடுவில் போய்விட்டான், நான் கடைசி வரை உட்கார்ந்து ஆடினேன். ஜெயித்தது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.